எக்கோ பெட்டியின் மேல் போட்ட பழி

என் வயதுக்காரர்களே, 1991, ஸ்ரீபெரும்புதூர் என்று வாயைத் திறந்ததுமே நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வேலை பார்த்த இடத்தில், ரயிலில், மகளின் பள்ளிக்கூடத்தில், எங்கே ஊர்ப் பேரைச் சொன்னாலும் அந்த மே மாதத்தைத்தான் கேட்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது, அம்மை வார்த்துப் படுத்திருந்தேன். நான் சொல்ல வந்தது அதே வருஷம் மழைக்காலத்தில் பென்னலூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் நடந்தது. அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஒரு மனுஷனுடைய கல்யாணம் அதனால் நின்றுபோனது, அவ்வளவுதான்.

அந்த மனுஷன் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பெனி ஒன்றில் அவர் எலெக்ட்ரீஷியன், அப்பா அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போய்வருவார்கள். அப்பா மிதிப்பார், சித்தப்பா பின்னால் உட்கார்ந்து அப்பாவின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வருவார். தம்பிக்கு இருபத்தெட்டு வயசாகியும் அப்பா ஒருநாள்கூட அவரை மிதிக்க விட்டதில்லை.

சித்தப்பாவிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருந்தது. சிவப்பு நிறம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதைவிட முக்கியமானது அவரே செய்த எக்கோ பெட்டி. உடைந்துபோன டேப் ரிகார்டர்களிலிருந்து கழற்றிய சாமான்களை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் வைத்து, கம்பெனி மெஷினுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை மேலே பூசியிருந்தார். உள்ளே ஒரு முழ நீள டேப், இரண்டு முனையும் ஒட்டி வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிடாரின் ஒலி ஓரிடத்தில் டேப்பில் பதியும். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் அந்தப் பதிவு திரும்பக் கேட்கும். அப்புறம் அழியும், புதுசு பதியும். டேப் ஒட்டிய இடம் வரும்போதெல்லாம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பெயின்ட் வாசனையும் சூடான மோட்டார் வாசனையும் கலந்து வீசும்.

பெட்டியில் மூன்று திருகு இருந்தது. என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று அவற்றுக்குப் பேர் எழுதச் சொன்னார். 'தூரம்', 'தடவை', 'அளவு' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன். கம்பியைத் தட்டி எவ்வளவு நேரம் கழித்து ஒலி திரும்ப வேண்டும் என்பது தூரம். எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பது தடவை. திரும்புகிற ஒலி எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பது அளவு.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் செய்ததை எனக்கு இன்றைக்கும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. தூரத்தைக் குறைத்து ஒரே ஒரு தடவை வைத்தால், திரும்பி வந்தது என்றே தெரியாது. மெலிந்த கம்பிக்குச் சதை பிடித்த மாதிரி இருக்கும். தூரத்தைக் கூட்டினால் வீட்டுக் கூடமே பெரிசாகிவிடும். தடவையை ஏற்றினால் ஒரு ஸ்வரம் போவதற்குள் அடுத்தது வந்து அதன் தோளில் கைபோட்டுக்கொள்ளும். ரொம்ப ஏற்றினால் ஊளை. அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒலியின் கூர் கொஞ்சம் மழுங்கும். நாலாவது தடவை போர்வைக்குள்ளிருந்து யாரோ வாசிப்பது போல இருக்கும். அந்த மழுங்கல்தான் அவருக்கு உயிர். புது டேப் போட்டால் ஒரு நாள் முழுக்கச் சும்மா சுற்ற விடுவார். "தேயணும் பாப்பா. தேஞ்சாதான் கேக்க சொகமா இருக்கும்" என்பார்.

பெட்டிக்குக் காலால் மிதிக்கிற பெடல் கிடையாது. வாசிக்கும்போது அவருக்கு இரண்டு கையும் கிடாரில் இருக்கும். அதனால் திருகைத் திருப்ப நான் பக்கத்தில் உட்காருவேன். அவர் தாடையை இடது பக்கம் ஆட்டினால் தூரம், வலது பக்கம் ஆட்டினால் தடவை. மூன்றாவதை நானே பார்த்துக்கொள்ளலாம். அந்த மூன்றாவதில்தான் எனக்குப் பெரிய கர்வம்.

இனிக் கல்யாண விஷயம். அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த சுங்குவார்சத்திரத்து அக்கா ஒருவரை அவருக்குப் பேசியிருந்தார்கள். பேசியிருந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேரும் கேன்டீனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் பிறகு ஒப்புக்கொண்டார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். "சித்தின்னு கூப்புட்டுப் பழகிக்கோ" என்பார், சொல்லிவிட்டு அவரே வெட்கப்படுவார். ஆனால் அவருடைய அப்பா ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் எங்கள் சபையில், ஓலை வாசித்து, முறையாக நடக்க வேண்டும். உங்களில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. அது வாசிக்காமல் கல்யாணம் இல்லை.

அதில்தான் சிக்கல். சித்தப்பா இரண்டு வருஷம் சினிமாப் பாட்டு வாசிக்கும் லைட் மியூசிக் ட்ரூப்பில் இருந்தவர். அதற்காக அவரைத் திருவிருந்திலிருந்து, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குவதிலிருந்து, தள்ளி வைத்திருந்தார்கள். போதகர் நல்ல மனுஷன், ஒரு வழி சொன்னார். "ட்ரூப்ப வுட்டுடு தம்பி. ஆறு மாசம் நம்ம கோயில்ல வாசி. புதுக் கோயில் பிரதிஷ்டை முடிஞ்ச அடுத்த ஞாயிறே மொதல் ஓலைய நானே வாசிக்கிறேன்." சித்தப்பா அன்றைக்கே ட்ரூப்பை விட்டார். ஆறு மாசம், ஒரு ஞாயிறு தவறாமல், ஓட்டுக் கூரை போட்ட பழைய கோயிலின் மூலையில் நின்று வாசித்தார். காணிக்கை எடுக்கும் நேரத்தில் அவர் மெதுவாக வாசிப்பதைக் கேட்க அக்கா சுங்குவார்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருவார்.

புதுக் கோயில் அப்பாவின் உயிர். அவர்தான் கட்டடக் கமிட்டிக்குச் செயலாளர். கம்பெனியில் வேலை செய்த சபை ஆட்கள் ஓ.டி. பார்த்த சம்பளத்தைக் கொடுத்தார்கள், ஷிஃப்ட் முடிந்து வந்து மணல் சுமந்தார்கள். கம்பெனிக்கு ஷெட் கட்டிய அதே மேஸ்திரியை அப்பா கூட்டிவந்தார். கூரையும் அதே மாதிரி வளைவாக இருக்க வேண்டும் என்றார். "கம்பெனி ஷெட்ல பாத்துகினுதானே கீறோம், ஒரு சொட்டுத் தண்ணி நிக்குதா?" என்பார். உயரமான கான்கிரீட் வளைவு, கண்ணாடி போல இழைத்த சுவர், மொசைக் தரை, இறுக்கி மூடிய கண்ணாடி ஜன்னல். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பார்ப்பதற்காகவே அப்பா சாலையோரம் போய் நிற்பார்.

பூச்சு காய்ந்த பிறகு ஒரு மத்தியானம் சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அப்பா அங்கே சாரத்துக் கழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு இடத்துக்குப் போய் மறுபடி தட்டினார்.

"இன்னாடா பண்றே?" என்றார் அப்பா.

"ணா, ஒரு தட்டு தட்டினா மேல போயி நாலு தடவ திரும்பி வருது. என் பொட்டிலகூட நான் இவ்ளோ வெக்க மாட்டேன். இங்க பேசினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்ணா. ஒண்ணும் புரியாது."

"ஜனம் வந்து ஒக்காந்தா அடங்கிடும்."

"கொஞ்சம் அடங்கும். முழுசா அடங்காது. சாக்கு தெச்சி மேல வரிசையா தொங்க வுடலாம். சொவுத்துல ஜமுக்காளம் கட்டலாம். பாக்க ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனா வேற வழி இல்ல."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "கர்த்தரோட வூட்டுக்கு சாக்கா? நெல்லு குடோனாடா இது? வேலையப் பாருடா" என்றார். சித்தப்பா கீழே கிடந்த கழியை எடுத்து அடுக்கினார். அண்ணனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

கூட்டம், மைக் என்றாலே போலீஸ் ஆயிரம் கேள்வி கேட்ட வருஷம் அது. பிரதிஷ்டை தள்ளித் தள்ளி மழைக்காலத்துக்குப் போய்விட்டது. பேராயர் வந்தார். கோயில் நிறைந்து வழிந்தது. சித்தப்பா கிடாரோடு தன் மூலையில் நின்றார், பெட்டி என் முன்னால் இருந்தது. ஆராதனை தொடங்குமுன் அவர் குனிந்து என் காதில் சொன்னார்: "இன்னிக்கு எதையும் தொடாத பாப்பா. பொட்டி ஆஃப்லயே இருக்கட்டும். இந்தக் கோயிலே பெரிய எக்கோ பொட்டி. நம்மளுது வேற சேந்தா நாசம்."

பெட்டியை அங்கே வைத்ததற்குக் காரணம், கிடார் வயர் அதன் வழியாகத்தான் ஆம்பிளிஃபயருக்குப் போகும். அணைத்து வைத்தாலும் ஒலி உள்ளே புகுந்து அப்படியே வெளியே வந்துவிடும். பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆராதனை முழுக்க என் கண் அதன் மேல்தான் இருந்தது. அன்றைக்கு அவர் தாடையை ஒரு தடவைகூட ஆட்டவில்லை. எக்கோ இல்லாமல், குறைத்துக் குறைத்து, ஒரு ஸ்வரம் மேலே போய்த் திரும்பி வந்து அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டினார். அவர் வாசித்தது ஒன்றுதான் அந்தக் கோயிலில் அன்றைக்குத் தெளிவாகக் கேட்டது.

பேராயர் பிரசங்கம் தொடங்கினார். முதல் வாக்கியம் மேலே போய் வளைந்து திரும்பி வந்து இரண்டாவது வாக்கியத்தின் மேல் விழுந்தது. அவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். பின்வரிசைக் கிழவிகள் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்கள். குழந்தைகள் சிரித்தன. மைக்செட்காரர் எதை எதையோ திருகினார். ஐந்து நிமிஷத்தில் பேராயர் பிரசங்கத்தை முடித்துக்கொண்டு ஆசீர்வாதம் கூறிவிட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். முன்வரிசையில் மடித்த கையோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். புது வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

சாப்பாடு முடிந்து பேராயர் கார் ஏறிப் போன பிறகு, பக்கத்து அறையில் கமிட்டி கூடியது. சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். சபைப் பொருளாளருக்கு ஆரம்பத்திலிருந்தே கிடார் பிடிக்காது.

"இன்னா யோசன பண்ணிகினு கீறீங்க? எல்லாம் அந்த எக்கோ பொட்டி வேலதான். மைக்கும் கிடாரும் ஒரே ஆம்பிளிஃபயர்ல போவுது. பொட்டி ஆன்ல இருந்தா மைக்கும்தானே எக்கோ அடிக்கும்?" என்றார்.

அது தப்பு. பெட்டிக்குள் போவது கிடார் மட்டும்தான், மைக் அதன் பக்கமே வராது. மைக்செட்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஆனால் அவர் வெளியே குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கமிட்டி முழுக்க அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. மணல் சுமந்த முதுகு எல்லாம் அந்த அறையில்தானே இருந்தது.

"நீ ஆன் பண்ணியா தம்பி?" என்று போதகர் கேட்டார்.

சித்தப்பா பதில் சொல்லுமுன் பொருளாளர் என்னைக் கைகாட்டினார். "அந்தப் பொண்ண கேளுங்க. அதுதான் பக்கத்துல ஒக்காந்திருந்திச்சி. கொயந்த பொய் சொல்லாது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "பொட்டி ஆன்ல இருந்திச்சா, ஆஃப்ல இருந்திச்சா?"

பயத்தில் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அப்பா என்னை அடித்ததே கிடையாது. ஆஃப் என்று நான் சொன்னால் குற்றம் கூரைக்குப் போகும், கூரைக்குப் போனால் அப்பாவுக்குப் போகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் ஒரு பெட்டி என்றுதான் நினைத்தேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்பது பதினோரு வயசுப் புத்திக்கு உறைக்கவில்லை.

"ஆன்ல இருந்திச்சிப்பா" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அங்கேயே அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கோபமாகப் பார்க்கவில்லை. அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்கய்யா. பாப்பா சொல்றது சரிதான். அணைக்க மறந்துட்டேன்" என்றார்.

பெட்டியைக் கமிட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சித்தப்பாவை மறுபடி ஆறு மாசம் தள்ளி வைத்தார்கள். ஓலையை "கொஞ்ச நாள் பொறுத்து" வாசிக்கலாம் என்றார் போதகர். அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. அக்காவின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். ஏற்கெனவே ஆறு மாசம் பொறுத்தவர் அவர். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்காவிட்டால் பொண்ணு இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். புதன்கிழமை சித்தப்பா கம்பெனிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கிடாரை எடுத்துக்கொண்டு படப்பையில் ஒரு கூட்டாளியின் அறைக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "நல்லா படி" என்றார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பொங்கலுக்குள் திருவள்ளூர் பக்கம் கல்யாணமாகிவிட்டது. சித்தப்பா கம்பெனி வேலையை விட்டார், சென்னையில் எத்தனையோ இடத்தில் வாசித்தார், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தக் கோயிலுக்கு மட்டும் அப்புறம் வரவே இல்லை. எக்கோ பெட்டி என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாறு வருஷம் கழித்து வளைவின் கீழே தட்டிகள் பொருத்தினார்கள், சுவரில் கெட்டித் துணி ஒட்டினார்கள். பிரசங்கம் புரிய ஆரம்பித்தது. அது ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அது அந்த அடுத்த ஞாயிறு நடந்தது.

அன்று கிடார் இல்லை, பெட்டி இல்லை, மூலை காலியாக இருந்தது. போதகர் எழுந்து ஜெபத்தைத் தொடங்கினார். அவர் குரல் மேலே போனது, வளைந்தது, திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்தது. போன ஞாயிறைவிடக் கூட்டம் குறைவு, அதனால் எக்கோ போன ஞாயிறைவிடப் பலமாகக் கேட்டது. எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் அந்தக் காலி மூலையைப் பார்த்தது. பொருளாளர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒருவரும் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. ஆராதனை முழுக்க இப்படியே போனது. ஓலை வாசிக்க வேண்டிய நேரம் வந்தது. போதகர் அறிவிப்பு நோட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

அப்பா எழுந்தார். ஆராதனை நடுவில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. நேராக வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் சைக்கிள் பக்கத்தில் குந்தி, பூட்டில் சாவியை நுழைத்திருந்தார். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம். காலையில் அம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கிய படப்பை விலாசம் அது. என்னைப் பார்த்ததும் சாவியைத் திருப்பாமல் நிறுத்தினார். கண் சிவந்திருந்தது.

"பாப்பா, அன்னிக்கு பொட்டி ஆஃப்லதானே இருந்திச்சி?"

நண்பர்களே, இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த மனுஷன் பதில் தெரிந்துதான் கேட்டார். என் வாயால் ஒரு 'ஆமாம்' கிடைத்தால் போதும், அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்திருப்பார். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துவந்து, கமிட்டி முன்னால் நின்று கூரை என் தப்பு என்று சொல்லியிருப்பார். மூன்று ஓலையும் வாசித்திருப்பார்கள். ஆனால் நான் பார்த்தது என் அப்பா அழப்போகிறார் என்பதை மட்டும்தான். அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

"இல்லப்பா" என்றேன். "ஆன்லதான் இருந்திச்சி."

"நெஜமா?"

"நெஜமாப்பா."

அவர் பூட்டிலிருந்து சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து, என்னைத் தாண்டி, மறுபடி கோயிலுக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.